வரைபடம் வந்தது, எரிபொருள் வரவில்லை: கல்பாக்கத்துச் சின்ன உலையின் கதை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு ‘லோக்கலைசேஷன்’ என்பது தினமும் காதில் விழும் சொல். வெளிநாட்டு நிறுவனம் வரைபடத்தோடு வரும். ஆரம்பத்தில் பாதி உதிரிபாகங்கள் கப்பலில் வந்து இறங்கும். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்குவார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்ததிலிருந்து, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது வரை, அதற்குப் பிறகும்கூட, இதே கதைதான். இதில் ஒரு சௌகரியம் உண்டு. இங்கே செய்த பாகம் சரிப்படவில்லை என்றால் கொஞ்ச நாளைக்குப் பழையபடி இறக்குமதி செய்துகொள்ளலாம். லாபம் குறையும், ஆனால் லைன் நிற்காது.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கல்பாக்கம். 1970களில் அங்கே ஒரு திட்டத்துக்கு இந்தச் சௌகரியம் இல்லாமல் போனது. வரைபடம் பிரான்ஸிலிருந்து வந்துவிட்டது. வேலை ஆரம்பித்துவிட்டது. ஆனால் உலைக்குள் வைக்க வேண்டிய எரிபொருள் வராது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கல்பாக்கம் என்றதும் பெரும்பாலோர் நினைப்பது சென்னை அணுமின் நிலையத்தை. அதன் முதல் அலகு 1983-லும் இரண்டாவது 1985-லும் இயங்கத் தொடங்கின. அவை கனநீர் உலைகள், மின்சாரம் தயாரிப்பதற்கானவை. அதே கடற்கரையில், 1971-ல் தொடங்கப்பட்ட வேறொரு நிறுவனம் இருக்கிறது. அப்போது அதன் பெயர் ரியாக்டர் ரிசர்ச் சென்டர். 1985 டிசம்பரில் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆனது. அதன் வேலை ஆராய்ச்சி. அதன் நடு நாயகம் எஃப்.பி.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சோதனை வேக ஈனுலை. நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

ஈனுலை எதற்கு?

பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் எளிதாகப் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மிச்சம் கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம்-238. அது லேசில் பிளக்காது. ஆனால் ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆக மாறும். அது பிளக்கும். அதாவது அடுப்பில் எரியாத கட்டையை எரியும் கட்டையாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. அதற்குத் தேவை உபரி நியூட்ரான்கள்.

புளூட்டோனியம் வேகமான நியூட்ரானால் பிளக்கும்போது ஏறக்குறைய மூன்று நியூட்ரான்கள் வெளிவரும். தொடர்வினை நீடிக்க ஒன்று போதும். வீணாவது போக மிச்சத்தை யுரேனியம்-238-க்குத் தள்ளிவிட்டால், எரித்ததைவிட அதிக எரிபொருளைப் பெறலாம். ஆனால் நியூட்ரான் வேகம் குறையக் கூடாது. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தை இழுத்துப் பிடித்துவிடும். ஆகவே வெப்பத்தை வெளியே கொண்டுவரத் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம். அது 98 டிகிரி செல்சியஸில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும், வெப்பத்தை அருமையாகக் கடத்தும். கெட்ட குணமும் உண்டு. காற்றில் பற்றிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் ஆவேசமாக வினைபுரியும். இன்னொன்று, அது ஒளி புகாதது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹோமி பாபா 1954-ல் முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தில் இரண்டாவது கட்டம் இந்த ஈனுலைகள். முதல் கட்டத்தில் இயற்கை யுரேனிய உலைகள் புளூட்டோனியத்தைத் தரும். இரண்டாவதில் ஈனுலைகள் அதைப் பெருக்கும். மூன்றாவதில், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளின் மோனசைட் மணலில் கிடைக்கும் தோரியத்துக்குப் போகலாம். காகிதத்தில் அழகான ஏணி. நடுப்படி இல்லாமல் மேல்படிக்குப் போக முடியாது என்பதுதான் சிக்கல்.

ராப்சோடி என்ற மாதிரி

பிரான்ஸின் கதராஷ் ஆராய்ச்சி மையத்தில் ராப்சோடி என்ற சோதனை ஈனுலை 1967 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவும் பிரான்ஸும் 1969-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன. ராப்சோடியை மாதிரியாகக் கொண்டு ஓர் உலையை இந்தியாவில் கட்டலாம் என்பது அதன் சாரம். இந்தியப் பொறியாளர் குழு ஒன்று கதராஷுக்குப் போய், அங்கே இருந்தபடியே வடிவமைப்பில் பங்கெடுத்தது. பிற்காலத்தில் கல்பாக்க மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.பி. போஜே அந்தத் தலைமுறைக்காரர்.

அப்படியே நகல் எடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ராப்சோடி மின்சாரம் தயாரிக்கவில்லை. வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும். கல்பாக்கத்தில் நீராவி உற்பத்திக் கருவிகளும் டர்பைனும் சேர்க்கப்பட்டன. வெப்பத் திறன் 40 மெகாவாட், மின்திறன் 13 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று திட்டம். சோடியத்தையும் தண்ணீரையும் மெல்லிய எஃகுச் சுவர் மட்டும் பிரிக்கும் நீராவிக் கருவிதான் ஈனுலைகளின் மிகச் சிக்கலான பகுதி. அதைக் கட்டிப் பழகாமல் பெரிய உலைக்குப் போவதில் அர்த்தமில்லை என்று தீர்மானித்தார்கள்.

எரிபொருள் விஷயத்தில் மட்டும் பிரெஞ்சுப் பாதையிலேயே போனார்கள். 30 சதவீதம் புளூட்டோனியம் ஆக்சைடு, மிச்சம் மிக அதிகமாகச் செறிவூட்டப்பட்ட யுரேனியத்தின் ஆக்சைடு. அந்தச் செறிவூட்டிய யுரேனியம் பிரான்ஸிலிருந்து வர வேண்டும்.

1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. அதன் பின்விளைவுகளில் ஒன்று, செறிவூட்டிய யுரேனியம் வராது என்பது உறுதியானது. உலைக்கான பெரும்பாலான பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தாமதமானாலும் அது முடியக்கூடிய வேலை. யுரேனியத்தைச் செறிவூட்டும் வேலை அப்படியல்ல. அன்றைக்கு இந்தியாவிடம் அந்தத் திறன் இல்லை.

கையில் இருந்தது புளூட்டோனியம் மட்டும்

டிராம்பேயில் 1960களிலிருந்தே புளூட்டோனியம் பிரித்தெடுத்த அனுபவம் இருந்தது. அப்படியானால் வழி எளிதுதானே, செறிவூட்டிய யுரேனியத்துக்குப் பதிலாக இயற்கை யுரேனியத்தைப் போட்டு, புளூட்டோனியத்தின் பங்கைக் கூட்டிவிட வேண்டியதுதானே?

இந்த இடத்தில்தான் பொறியியல் குறுக்கே வருகிறது. உலை சின்னது. சின்ன உலையிலிருந்து நியூட்ரான்கள் நிறையத் தப்பித்துப் போகும். அதை ஈடுகட்டப் புளூட்டோனியத்தின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேலே போக வேண்டியிருந்தது. ஆக்சைடு வடிவில் அவ்வளவு புளூட்டோனியம் இருந்தால் இரண்டு பிரச்சினை. ஆக்சைடு வெப்பத்தை மோசமாகக் கடத்தும், நடுப்பகுதி மிகவும் சூடாகும். தவிர, எஃகுக் குழாயில் ஓட்டை விழுந்து சோடியம் உள்ளே போனால், அந்த ஆக்சைடு சோடியத்தோடு வினைபுரிந்து உப்பும், ஓட்டையும் பெரிதாகும்.

மாற்று வழி கார்பைடு. புளூட்டோனியமும் யுரேனியமும் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பனோடு சேர்ந்த வடிவம். ஆக்சைடைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், சோடியத்தோடு சண்டை போடாது. 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு என்று முடிவானது.

சரி, இவ்வளவு நல்ல பொருள் என்றால் மற்றவர்கள் ஏன் அதன் பின்னால் போகவில்லை? சோவியத்தின் பி.ஆர்-5 உலையில் யுரேனியம் கார்பைடு பயன்பட்டிருக்கிறது. வேறு நாடுகளில் கலப்புக் கார்பைடு சோதனைக் குச்சிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் புளூட்டோனியம் இவ்வளவு செறிந்த கார்பைடை ஓர் உலையின் முழு எரிபொருளாகவே யாரும் வைத்ததில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. கார்பைடுத் தூள் காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே அரைப்பது, அழுத்துவது, சுடுவது எல்லாவற்றையும் மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிகளுக்குள் செய்ய வேண்டும். கார்பன் விகிதம் கொஞ்சம் பிசகினாலும் அது எஃகுக் குழாய்க்குள் ஊடுருவி அதை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதிர்வீச்சில் கார்பைடு வீங்கும். எவ்வளவு வீங்கும்? இந்தக் கலவைக்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

மென்பொருள்காரனாக எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆவணம் இல்லாத, இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத ஒன்றை நேரடியாகப் புரொடக்‌ஷனில் வைக்கும் நிலைமை. நம் தொழிலில் கெட்டுப்போனால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். இங்கே திரும்புவதற்குப் பழைய பதிப்பே கிடையாது.

டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த எரிபொருள் தயாரானது. ஒவ்வொரு குச்சியும் 5.1 மில்லிமீட்டர் விட்டம், அதாவது பென்சிலைவிட மெலிது. உள்ளே எரிபொருள் அடுக்கின் உயரம் 32 சென்டிமீட்டர். இப்படி 61 குச்சிகள் சேர்ந்தது ஒரு கட்டு. இருபத்திச் சொச்சம் கட்டுகளோடு, 1985 அக்டோபர் 18 அன்று, எஃப்.பி.டி.ஆரில் முதன்முதலாகத் தொடர்வினை தன்னைத் தானே தாங்கிக்கொண்டது. அப்போது மையத்தின் இயக்குநர் சி.வி. சுந்தரம், அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ராஜா ராமண்ணா.

கண் தெரியாமல் செய்யும் வேலை

சோடியம் ஒளி புகாதது என்று சொன்னேன் இல்லையா? அதன் பொருள், உலைக்குள் எரிபொருள் கட்டை இடம் மாற்றும் வேலையைக் கண்ணால் பார்த்தபடி செய்ய முடியாது. தண்ணீர் உலையில் மேலேயிருந்து எட்டிப் பார்க்கலாம். இங்கே உலையின் மேலே சுழலும் மூடிகள் இருக்கின்றன. அவற்றைச் சரியான கோணத்துக்குத் திருப்பி, வழிகாட்டிக் குழாய் வழியாகக் கருவியை இறக்கி, கட்டைப் பிடித்து மேலே இழுத்து, வேறு இடத்தில் இறக்குவார்கள். எது எங்கே இருக்கிறது என்று சொல்வது அளவுமானிகளும் தர்க்கச் சுற்றுகளும்தான்.

1987 மே மாதம் அப்படி ஒரு கட்டை இடம் மாற்றும்போது விபரீதம் ஆனது. கட்டின் அடிப்பகுதி முழுதாக மேலேறாமல் கீழே நீட்டிக்கொண்டிருந்த நிலையில் மூடி சுழற்றப்பட்டது. நீட்டிக்கொண்டிருந்த கால் மற்ற கட்டுகளின் தலையில் இடித்தது. சில கட்டுகள் வளைந்தன, வழிகாட்டிக் குழாயும் வளைந்தது. வளைந்த குழாய் வெளியே வராது. அது வெளியே வராமல் மற்ற எதையும் சரிசெய்ய முடியாது. கடைசியில், தொலைவிலிருந்து இயக்கும் ஒரு வெட்டும் கருவியை இதற்கென்றே வடிவமைத்து, குழாயை உள்ளேயே வெட்டித் துண்டாக்கி வெளியே எடுத்தார்கள். உலை மறுபடி ஓட ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது.

இரண்டு வருடம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். யோசித்துப் பாருங்கள். பதினாலு வருடம் கட்டி, ஒன்றரை வருடம் ஓட்டி, பிறகு இரண்டு வருடம் நிறுத்தம். திட்டத்தை மூடச் சொல்ல இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைத்திருக்காது. மூடவில்லை. நடந்ததை ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதி, சர்வதேசக் கூட்டங்களில் முன்வைத்தார்கள். இன்றைக்கு நம்மால் இவ்வளவு விவரமாகப் பேச முடிகிறது என்றால் அதனால்தான். 2002-ல் சோடியத்தைச் சுத்திகரிக்கும் அறைக்குள் சுமார் 75 கிலோ சோடியம் கசிந்தது. அதுவும் இதேபோல் பதிவாகியிருக்கிறது.

25, 50, 100

இனி இந்தக் கதையின் முக்கியமான பகுதி. எரிபொருளிலிருந்து எவ்வளவு வெப்பம் கறந்தோம் என்பதற்குப் பர்ன்-அப் என்று ஓர் அளவு உண்டு. ஒரு டன் எரிபொருள் ஒரு மெகாவாட் வீதம் எத்தனை நாள் வெப்பம் தந்தது என்பதுதான் அது. பக்கத்திலிருக்கும் கனநீர் உலைகளில் இயற்கை யுரேனியம் ஏறக்குறைய 7,000 தரும்.

கார்பைடுக்கு அவர்கள் முதலில் வைத்த வரம்பு 25,000. குச்சியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்திலிருந்து எடுக்கும் வெப்பத்துக்கும் வரம்பு உண்டு, அது 250 வாட். வேக ஈனுலைக்கு இவை மிகவும் தயக்கமான எண்கள். இந்தக் கட்டுப்பாட்டால்தான் 40 மெகாவாட் உலை ஆரம்பத்தில் 10.5 மெகாவாட் உலையாக ஓடியது. நீராவிக் கருவிகள் 1993-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தன. டர்பைன் மின்தொகுப்போடு இணைந்தது 1997 ஜூலையில். கிடைத்தது ஒரு மெகாவாட் சொச்சம் மின்சாரம். பத்திரிகைக்காரர் ஒருவர் இந்த எண்களை மட்டும் பார்த்திருந்தால், வெள்ளை யானை என்று எழுதியிருப்பார். அதில் தப்பும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் குச்சிகளுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 25,000-ஐத் தொட்டதும் ஒரு கட்டை வெளியே எடுத்தார்கள். கதிரியக்கம் கடுமையாக இருக்கும் பொருளைத் தடித்த சுவர்களுக்குப் பின்னால், ஈயக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தபடி, இயந்திரக் கைகளால் கையாளும் அறைகள் அங்கே உண்டு. அந்த அறையில் குச்சியைப் பிரித்தார்கள். நீளம் கூடியிருக்கிறதா, விட்டம் பெருத்திருக்கிறதா என்று அளந்தார்கள். குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் விரிசல்களையும் துளைகளையும் பார்த்தார்கள். உள்ளே சேர்ந்த வாயு எவ்வளவு என்று துளையிட்டு அளந்தார்கள். கார்பைடு வீங்கியிருந்தது, ஆனால் எஃகை நெருக்கிக் கிழிக்கும் அளவுக்கு இல்லை. வரம்பு 50,000-க்கு உயர்ந்தது. அதைத் தொட்டதும் மறுபடி ஒரு கட்டு வெளியே, மறுபடி வெட்டு, அளவு. பிறகு 1,00,000. அதை 2002-ல் தாண்டினார்கள், ஒரு குச்சிகூட உடையாமல். கடைசியில் 1,65,000 வரை போனது. ஒரு சென்டிமீட்டருக்கான வெப்பமும் 250 வாட்டிலிருந்து 400 வாட் ஆனது. அதாவது, பென்சிலைவிட மெலிந்த குச்சியின் ஒரு விரற்கடை நீளத்திலிருந்து, வீட்டு மிக்ஸி இழுக்கும் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம்.

1,65,000 என்றால் எரிபொருளில் இருந்த கன அணுக்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்று பிளந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொன்று பிளக்கும்போதும் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வந்து நெருக்கியடிக்கும். அந்த நெரிசலைத் தாங்கிக்கொண்டு குச்சி முழுசாக நின்றது. இவ்வளவு மேலே போனபோது கவலை எரிபொருளைவிட எஃகின் பக்கம் திரும்பியது. வேக நியூட்ரான்கள் எஃகையும் வீங்கவைக்கும், அதன் வளையும் தன்மையைக் குறைக்கும்.

கனநீர் உலையின் 7,000-த்தோடு இதை நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை. அது இயற்கை யுரேனியம், இது 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு. ஒப்பிட வேண்டியது அவர்களே முதலில் வைத்த 25,000-த்தோடு. ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் ஒரு தடவைகூட அனுமானத்தை நம்பிப் படி ஏறவில்லை. வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

இந்தச் சோதனைக்கு உதவியாக அந்த அறைகளின் கீழேயே ஒரு குட்டி உலை இருக்கிறது. பெயர் காமினி, ‘கல்பாக்கம் மினி’ என்பதன் சுருக்கம். 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது, திறன் வெறும் 30 கிலோவாட். அதன் எரிபொருள் தோரியத்திலிருந்து பெறப்பட்ட யுரேனியம்-233. அதன் வேலை நியூட்ரான் கற்றையைக் கொடுப்பது. அந்தக் கற்றையால், எக்ஸ்ரே எடுப்பதுபோல, குச்சியைப் பிரிக்காமலேயே உள்ளே படம் எடுக்கலாம். விண்வெளித் திட்டத்துக்கான சிறு வெடிகருவிகளையும் இங்கே இப்படிப் பரிசோதித்திருக்கிறார்கள்.

எரிந்த கார்பைடைக் கரைத்துப் புளூட்டோனியத்தைத் திரும்ப எடுக்கும் வேலைக்கு, ஈயக் கவசம் போட்ட கோரல் என்ற சிறிய ஆலை 2003-லிருந்து இயங்குகிறது. 1,55,000 வரை எரிந்த குச்சிகளையும் அங்கே கரைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஈனுலை என்பது உலை மட்டும் அல்ல, இந்தச் சுழற்சியும் சேர்ந்ததுதான். அது ஓடாவிட்டால் பாபாவின் ஏணி நடுவிலேயே நின்றுவிடும்.

கடைசியில் கார்பைடு எங்கே போனது?

இங்கே ஒரு வேடிக்கை. கல்பாக்கத்தில் அடுத்துக் கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் எரிபொருள் கார்பைடு இல்லை. பழைய ஆக்சைடுதான். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பெரிய உலையில் புளூட்டோனியத்தின் பங்கு குறைவாக இருந்தால் போதும். ஆக்சைடைத் தயாரிப்பது எளிது, உலகெங்கும் அதில் அனுபவம் இருக்கிறது. நெருக்கடியில் பிடித்த வழி, நெருக்கடி தீர்ந்ததும் தேவைப்படவில்லை.

அப்படியானால் இத்தனை வருடக் கார்பைடு உழைப்பு வீணா? என் பதில், இல்லை. பெரிய உலைக்கான ஆக்சைடுக் குச்சிகளைச் சோதிக்க அவர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேக உலை தேவைப்பட்டது. அது சொந்த வீட்டிலேயே இருந்தது. 37 குச்சிகள் கொண்ட ஒரு சோதனைக் கட்டை எஃப்.பி.டி.ஆருக்குள் வைத்தார்கள். சின்ன உலையின் நியூட்ரான் அடர்த்தி போதாது என்பதால், பெரிய உலையின் வெப்பத்தை வரவழைக்க யுரேனியம்-233-ஐச் சேர்த்தார்கள். அந்தக் கட்டு 1,12,000 வரை ஓடியது. பிறகு வழக்கம்போல வெளியே எடுத்து, வெட்டிப் பார்த்தார்கள். கார்பைடு கற்றுக்கொடுத்தது கார்பைடை மட்டும் அல்ல. தெரியாத ஒன்றை எப்படிப் படிப்படியாக நம்புவது என்ற பழக்கத்தையும்தான். அந்தப் பழக்கம் எரிபொருள் மாறினாலும் கூடவே வந்தது.

இத்துடன் முடித்தால் இது வெறும் பாராட்டுப் பதிவாகிவிடும். கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எஃப்.பி.டி.ஆர். தன் வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட்டை முதன்முறையாகத் தொட்டது 2022 மார்ச் 7 அன்று. தொடர்வினை ஆரம்பித்து 36 வருடம் கழித்து. முன்மாதிரி ஈனுலைக்கு 3,492 கோடி ரூபாய் ஒதுக்கி, 2010 செப்டம்பருக்குள் முடிப்பதாகச் சொன்னார்கள். 2004-ல் கட்டுமானம் தொடங்கிய சில வாரங்களிலேயே சுனாமி வந்து அடித்தளக் குழியை நிரப்பியது. ஆனால் சுனாமியால் மட்டும் பதினாலு வருடம் தாமதமாகவில்லை. செலவு 5,677 கோடியாகத் திருத்தப்பட்டு, அதற்கு மேலும் ஏறியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை (கோர் லோடிங்) தொடங்கியது 2024 மார்ச் 4 அன்று.

உலகத்தையும் பார்க்கலாம். பிரான்ஸ் சூப்பர்பீனிக்ஸை 1990களின் கடைசியில் மூடியது. ஜப்பானின் மோன்ஜு 1995-ல் சோடியம் கசிந்ததிலிருந்து தலைதூக்கவே இல்லை, 2016-ல் கைவிடப்பட்டது. ஜெர்மனி கால்கார் நகரில் கட்டிய ஈனுலை ஒரு நாள்கூட ஓடாமல், இன்று கேளிக்கைப் பூங்காவாக இருக்கிறது. ரஷ்யாவின் பி.என்-600 மட்டும் 1980-லிருந்து தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பணக்கார நாடுகள் விட்டுவிட்ட வழியில் நாம் போவது விவேகமா, பிடிவாதமா? இதற்கு இரண்டு பக்கமும் நியாயமான வாதங்கள் உண்டு. சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவாகிவிட்ட காலத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். சின்ன உலையின் மெதுவும் பெரிய உலையின் தாமதமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும். இரண்டும் ஒன்றல்ல. எஃப்.பி.டி.ஆரில் காத்திருந்த பல வருடங்களுக்கு ஒரு விளைபொருள் இருக்கிறது. 25,000-ல் குச்சி எப்படி இருந்தது, 50,000-ல் எப்படி இருந்தது என்ற அளவீடுகள் அவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி கட்டுரைகளாக வெளிவந்திருக்கின்றன. 1987-ல் வளைந்த குழாய்கூட அதில் இருக்கிறது. பெரிய உலையின் ஒவ்வொரு தாமதத்துக்கும் அதே மாதிரி ஒரு கட்டுரை எழுதப்பட வேண்டும். எந்தப் பாகம், என்ன கோளாறு, எத்தனை மாதம், என்ன கற்றோம் என்று.

நமக்கு அணுசக்திச் செய்திகள் இரண்டு விதமாகத்தான் வருகின்றன. ஒன்று, உலக சாதனை. இன்னொன்று, பேராபத்து. இரண்டுக்கும் நடுவில், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இயந்திரக் கையால் ஒரு குச்சியை வெட்டி, விட்டம் மைக்ரான் கணக்கில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒருவர் குறித்துக்கொள்கிறார். அடுத்த வரம்பை உயர்த்தலாமா வேண்டாமா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.